முதுகுக்கு வைத்த நேர்த்தி

சாமிக்கு நேர்த்தி வைக்கிற நேரத்தில் மனிதருக்கு மூளை வேலை செய்வதில்லை. எனக்கும் அன்று வேலை செய்யவில்லை. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி வார்டில் அசையப் பயந்து மல்லாந்து கிடந்தபடி, "அம்மாளே, ஒப்பரேசன் இல்லாமல் என்ரை முதுகை எழுப்பி விடு. வாற தேருக்கு உன்ரை வீதி முழுக்க அடியழிக்கிறன்" என்று எங்கள் குறிச்சி அம்மனிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனம் கொஞ்சம் ஆறியது. அடுத்த நாள் என்னைப் பார்க்க வந்த மச்சாள் யோகத்திடம் அதைப் பெருமையாகச் சொன்னேன். யோகம் என் கணவரின் தங்கை. மனதில் பட்டதை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாதவள்.

கொண்டுவந்த தோடம்பழத்தை உரித்தபடியே அவள் கேட்டாள்.

"மச்சாள், முதுகு சுகமானா முதுகை முறிக்கிறன் எண்டே அம்மாளிட்டைச் சொன்னனீங்கள்?"

அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கு விளங்கியது. அடியழித்தல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஆண்கள் வீதியில் உருண்டு பிரதட்டை செய்வார்கள். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் அடியழிப்பார்கள். முழந்தாளிட்டு விழுந்து கும்பிட்டு, கை எட்டுகிற இடத்தில் மணலில் ஒரு கோடு கீறி, எழும்பி, அந்தக் கோட்டில் வந்து நின்று மறுபடியும் விழ வேண்டும். கோயிலை ஒருமுறை சுற்றி முடியும்வரை இதுதான். முதுகு நல்லாயிருக்கிறவளுக்கே முதுகு நோகும்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம், என்னைப் போல நோவை மறைத்துக்கொண்டு திரிகிறவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பதுதான். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அதைவிட, தனக்கு வந்து மாறினால் பிறகு மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்பதுதான் உண்மை.

சண்டிலிப்பாயில் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. சின்ன வெங்காயம், பீற்றூட், கோவா என்று காலத்துக்கு ஏற்றபடி போட்டு, சுன்னாகம் சந்தையில் விற்று வாழ்கிற குடும்பம். எங்கள் சீவியம் முழுவதும் நிலத்தோடுதான். வெங்காயம் நடுவது குந்தியிருந்து. களை எடுப்பதும் கிண்டுவதும் பிடி கட்டுவதும் குந்தியிருந்துதான். வீட்டுக்குள் வந்தால் தேங்காய் திருவுவது நிலத்தில், மரக்கறி வெட்டுவது நிலத்தில், சாமி கும்பிடுவதும் நிலத்தில். நிலத்தில் இருந்து எழும்ப ஏலாத ஒருத்தி எங்கள் வீடுகளில் பாதி ஆள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். மற்றவர்களைப் பற்றி அப்படி நினைப்பது சுகம்.

எனக்குப் பொறுமை குறைவு. மூட்டை தூக்க ஆள் வரும்வரை நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன். அன்றும் அப்படித்தான். சந்தைக்குப் போகிற உழவு இயந்திரம் நேரத்தோடு வந்துவிட்டது; தூக்க வருகிறவனைக் காணவில்லை. வெங்காய மூட்டையை நானே அதன் பெட்டியில் ஏற்றினேன். இடுப்புக்குள் ஏதோ நழுவியது போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த மூட்டையையும் ஏற்றினேன்.

அன்று மாலையே இடது பக்கத்து இடுப்பிலிருந்து பாதம்வரை கறண்ட் அடித்தது போல ஒரு நோ இறங்கியது. எங்கள் ஊரில் எந்த வருத்தமும் முதலில் வாய்வுதான். நானும் வாய்வு என்றே சொல்லி உள்ளி இரசம் குடித்தேன். நொச்சியிலை அவித்துக் குளித்தேன். பாமசியில் நோவுக்குக் குளிசை வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தேன். கணவருக்குக் கூடத் தெரியாது. அவர் அமைதியான மனிதர். கேட்டால் கவலைப்படுவார், கவலைப்பட்டால் சாப்பிட மாட்டார்.

பிறகு ஒருநாள் காலை சாமியறையில் விழுந்து கும்பிட்டேன். எழும்ப முடியவில்லை. நெற்றி நிலத்தில், கை நிலத்தில், கால் என்னுடையதாகவே இல்லை. எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. தோட்டத்தால் வந்த என் கணவர் வாசலில் நின்று சிரித்தார்.

"இண்டைக்கு என்ன, அம்மாளிட்டைக் கனக்கக் கேக்கிறீர் போல."

"எழும்பேலாமல் கிடக்கிறன்" என்றேன்.

அவருடைய முகம் மாறியதை நான் பார்க்கவில்லை, என் முகம் நிலத்தில் இருந்தபடியால். சிரிப்பு நின்றது மட்டும் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து யோகத்தைக் கூப்பிட்டு, இரண்டு பேருமாக என்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள். வழி முழுவதும் ஒவ்வொரு குழியும் என் காலுக்குள்ளால் போனது.

வெளிநோயாளர் பிரிவு வாங்கில் இருக்கவும் முடியாது, நிற்கவும் முடியாது. சுவரில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றேன். இவர் எனக்கு முன்னால் குடையை ஊன்றிக்கொண்டு, யாரும் என்னில் முட்டாமல் காவல் நின்றார். பார்த்த டொக்டர் உடனே வார்டுக்கு அனுப்பினார். ஸ்கான் கெதியாக எடுக்க வேண்டுமென்று வெளியில் தனியார் இடத்தில் எடுத்தோம். அந்தமுறை வெங்காயம் விற்ற காசு சத்தமில்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் குழாய்க்குள் படுத்திருந்தபோது கேட்ட சத்தம், யாரோ தகரக் கூரையில் ஆணி அடிப்பது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, பிழைத்தால் போதும் என்று கிடந்தேன்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்து டொக்டர் விளங்கப்படுத்தினார். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போலத் தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் களி போன்ற ஒன்று. என் இடுப்புப் பக்கத்தில் ஒரு தட்டின் ஓரம் கிழிந்து, உள்ளிருந்த களி வெளியே பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பை நெருக்குகிறது. நோ எழும்பியது இடுப்பில், கத்தியது கால். என்னைக் காலை நேரே உயர்த்தச் சொன்னார். கொஞ்சம் உயர்ந்ததும் உயிர் போனது. பெருவிரலைத் தன் கைக்கு எதிராகத் தள்ளச் சொன்னார். இடது விரல் சோர்ந்துபோய் இருந்தது.

"இப்ப உடனை வெட்டத் தேவையில்லை அம்மா. கனபேருக்கு இது காலம் போகத் தானாச் சுருங்கும். குளிசை தாறம், பிசியோவும் செய்யுங்கோ. கொஞ்ச மாசத்தாலை திரும்பப் பாப்பம். ஆனா கால் இன்னும் பலங்குறைஞ்சால், சலம் போறது தெரியாமல் போனால், இருக்கிற இடம் மரத்தால், நேரம் பாராமல் ஓடி வாங்கோ."

அவர் சொன்னதில் எனக்குக் கேட்ட ஒரே சொல், வெட்ட. அதற்குப் பிறகுதான் அந்த நேர்த்தி.

பக்கத்துக் கட்டிலில் குருநகரைச் சேர்ந்த பிலோமினா அக்கா. என்னைவிட மூத்தவர். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒப்பரேசனுக்குக் காத்திருந்தார். காலில் கல்லுக் கட்டி இழுத்து வைத்திருந்தார்கள். அந்த நிலையிலும் அவருக்கு வார்டில் யார் வந்தது, யார் போனது, யாருடைய சாப்பாட்டுப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எல்லாம் தெரியும். கையில் எந்நேரமும் செபமாலை. என் கணவர் கொண்டுவருகிற புட்டைப் பார்த்து, "உதென்ன, சீமெந்தோ?" என்று கேட்டார். இவர் குசினிக்குள் முதல்முதலாகப் போன காலம் அது. அந்தப் புட்டை நான் ஒரு சொட்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டேன். இவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இயன்மருத்துவராக வந்தவள் அரியாலையைச் சேர்ந்த தர்சினி. பிசியோ மிஸ் என்றுதான் வார்டில் கூப்பிடுவார்கள். என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று சொன்னாள்.

"எழும்பி இருங்கோ அன்ரி, பாப்பம்."

என்னிடம் இருந்த ஒரே வழியில் எழும்பினேன். பல்லைக் கடித்து, மூச்சை அடக்கி, ஒரே உன்னல். கண்ணுக்குள் நட்சத்திரம் பறந்தது.

"மூச்சு எங்கை?" என்று கேட்டாள் அவள்.

"என்ன?"

"மூச்சு. அதை எங்கை வைச்சிருக்கிறியள்?"

"அவ அதை வீட்டிலை விட்டிட்டு வந்திட்டா, மிஸ்" என்றார் பிலோமினா அக்கா.

எனக்குக் கோபம் வந்தது. பிள்ளை பெற்றது, இடம்பெயர்ந்தபோது வீட்டுச் சாமான் முழுவதையும் சைக்கிளில் கட்டி உருட்டியது, கிணற்றடி முதல் சந்தைவரை எல்லாம் நான் மூச்சை அடக்கிச் செய்ததுதான். இந்த வயதில் எனக்கு மூச்சு விடப் படிப்பிக்க ஒரு பிள்ளை. அதற்கு அரசாங்கம் சம்பளமும் கொடுக்கிறது என்று நினைத்தேன்.

தர்சினி என் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தாள். மூச்சு உள்ளே போகும்போது கை மெல்ல எழும்ப வேண்டும், வெளியே விடுவது எடுத்ததைவிட நீளமாக இருக்க வேண்டும், சூடான தேத்தண்ணியை ஊதுவது போல என்றாள்.

"நோ வந்த உடனை உடம்பு பயப்பிடுது அன்ரி. பயந்தால் தசை இறுகும். இறுகினால் நோ கூடும். நோ கூடினால் இன்னும் பயம். நீங்கள் மூச்சைப் பிடிக்கேக்கை உடம்புக்கு ஆபத்து எண்டு சொல்லிக் குடுக்கிறியள். விடேக்கை, பறவாயில்லை எண்டு சொல்லுறியள்."

பிறகு எழும்புகிற விதத்தைக் காட்டினாள். முதலில் சரிய வேண்டும். காலைக் கட்டிலால் கீழே விட வேண்டும். கையை ஊன்றி, ஊதிக்கொண்டு எழும்ப வேண்டும். அவசரமில்லை. அசையும்போது மனமும் அந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கால் தொங்குகிறது, கை ஊன்றுகிறது, தோள் எழும்புகிறது என்று கூடவே போக வேண்டும். எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். கை ஊன்றும்போது என் மனம் சுன்னாகத்தில் வெங்காயம் என்ன விலை போகிறதென்று பார்த்துக்கொண்டிருக்கும்.

"சந்தையாலை திரும்பி வாங்கோ அன்ரி" என்பாள் தர்சினி. என் முகத்தில் எப்படித்தான் கண்டுபிடித்தாளோ தெரியாது.

அவள் போன பிறகு நானும் பிலோமினா அக்காவும் பின்னேரங்களில் சேர்ந்து செய்தோம். அவர் செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மூச்சு விட்டார். நான் திருநீற்றைப் பூசிக்கொண்டு, சிவ என்று எடுத்துச் சிவ என்று விட்டேன். எதிர்க் கட்டில்காரி எங்களைப் பார்த்து, வார்டா மடமா என்று சிரித்தாள். சில நாளில் ஒன்று நடந்தது. நோ போகவில்லை. ஆனால் நோவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு கதிரை போடுகிற அளவுக்கு இடம் வந்தது. அந்த இடத்தில் இருந்து அதைப் பார்க்க முடிந்தது. வருகிறது, நிற்கிறது, குறைகிறது. என்னைத் தின்னப் போகிறது என்ற பயம் விட்டுப்போனது. அன்று சுவரைப் பிடிக்காமல் கழிப்பறைவரை நடந்து போய் வந்தேன். பிலோமினா அக்கா படுத்தபடி கை தட்டினார்.

துண்டு வெட்டி, ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு விட்டார்கள். ஓட்டோவால் இறங்கி உள்ளே போனதும் அப்படியே நின்றுவிட்டேன். இவர் என் வீட்டை ஒரு முழம் உயர்த்தி வைத்திருந்தார். தேங்காய் திருவலையை மேசையில் பூட்டியிருந்தார். அடுப்பைச் சீமெந்துத் தட்டில் ஏற்றியிருந்தார். குந்தியிருந்து எடுக்கிற பானை, சட்டி, அரிசி வாளி எல்லாம் இடுப்பு உயரத்தில் வரிசையாக இருந்தன. சாமிப் படங்களைக்கூட உயர்த்தி, முன்னால் ஒரு கதிரை போட்டிருந்தார். வெங்காயம் பிடி கட்டுவதற்குத் தோட்டத்துக் கொட்டிலில் ஒரு நீள வாங்கு அடித்திருந்தார். கையில் சுத்தியல் பட்ட காயம் இருந்தது.

"இனி ஒண்டுக்கும் குனியத் தேவையில்லை" என்றார்.

நான் அழுதேன். அவர் சந்தோசம் என்று நினைத்தார். எனக்கு இருந்தது வேறு. என்னைக் கேளாமலே, நான் இனி நிலத்துக்குப் போகமாட்டேன் என்று அவர் முடிவெடுத்துவிட்டார் போல இருந்தது. அன்பாகத்தான் எடுத்தார். அதனால்தான் அதிகம் சுட்டது. அந்தக் கதிரையில் இருந்து சாமியைக் கும்பிட்டபோது, தேருக்கு எப்படியும் அடியழிப்பேன் என்று மனதுக்குள் இறுக்கமாகச் சொன்னேன்.

அங்கேதான் பிழை விட்டேன். எங்களவர் மட்டுமே விடக்கூடிய பிழை. தர்சினி சொல்லித் தந்த பயிற்சிகளை நான் நேர்த்தி ஆக்கினேன். விடிய எழும்பித் தலைக்கு முழுகினேன். வெறும் வயிற்றில், அம்மன் படத்துக்கு முன்னால் செய்தேன். அவள் கொஞ்சம் செய்யச் சொன்னால் நான் இரண்டு மடங்கு செய்தேன். வெள்ளிக்கிழமைகளில் இன்னும் கூட. நொந்தால் நல்லது என்று நினைத்தேன். உடம்பை வருத்தினால்தான் அம்மாள் இரங்குவாள் என்று சின்னனில் இருந்து கேட்டு வளர்ந்த எனக்கு, நோகாமல் செய்கிற ஒன்றில் பலன் இருக்கும் என்று நம்ப முடியவில்லை. மூச்சு பழையபடி எங்கோ போய்விட்டது. பல் பழையபடி கடிபட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கறண்ட் மறுபடியும் அடித்தது. முந்தியதைவிட மோசமாக. மறுபடியும் ஓட்டோ, மறுபடியும் வார்டு. டொக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, கால் பலம் குறையவில்லை, நரம்பும் தசையும் கோபித்திருக்கின்றன என்று சொல்லி வார்டிலேயே மறித்து வைத்தார். அந்த முறை பக்கத்துக் கட்டிலில் பிலோமினா அக்கா இல்லை. அவருக்கு ஒப்பரேசன் நல்லபடி முடிந்து வீட்டுக்குப் போயிருந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இனி வெட்டத்தான் வேண்டும், வெட்டினாலும் கதிரைதான் என் இடம் என்று நினைத்தேன்.

தர்சினி வந்து கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள்.

"நான் சொன்ன அளவுதானே செய்தனீங்கள்?"

"அதிலும் கூடத்தான் செய்தனான்."

"சாப்பிட்டிட்டோ?"

"விரதம்."

"நோகேக்கை நிப்பாட்டினனீங்களே?"

"நொந்தால்தானே பிள்ளை பலன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அன்ரி, நான் தந்தது மருந்து. நீங்கள் அதைத் தண்டனையாக் குடிச்சிருக்கிறியள்."

அதற்கு மேல் மறைக்க முடியாமல் நேர்த்திக் கதையைச் சொன்னேன். கண்டறியாத நேர்த்தி, விட்டுவிட்டு அர்ச்சனை செய்யுங்கோ என்று சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"எங்கடை அம்மாவும் அடியழிக்கிறவ. அதிலை என்ன இருக்கு? முழந்தாள் மடங்குது, இடுப்பு மடங்குது, கை நீளுது, திரும்ப எழும்புது. எல்லாம் உங்களுக்குத் தேவையான அசைவுதான். அதை நோவாச் செய்யாமல் மூச்சாச் செய்வம். அம்மாள் கோவிக்க மாட்டா."

அந்த நோ தணிந்ததும் கிளினிக்கில் தொடங்கினோம். முதலில் சுவர். சுவருக்கு முன்னால் நின்று, மூச்சை விட்டபடி இடுப்பை மடித்து, கையைச் சுவரில் நீட்டி, விரலால் ஒரு கோடு கீற வேண்டும். மூச்சை எடுத்துக்கொண்டு நிமிர வேண்டும். சுவர் சுகமானதும் மேசை. மேசை சுகமானதும் கதிரை. பிறகு தாழ்வான வாங்கு. பிறகு தலையணை அடுக்கிய பாய். வீட்டில் இவர் எனக்காக உயர்த்திய சாமான்களே பயிற்சிக்கு உதவின. வெங்காய வாங்குக்கு முன்னால் நான் கும்பிட்டுக் கோடு கீறுவதைப் பார்த்த தோட்டத்து ஆட்கள், அக்காவுக்கு முதுகு சுகம், தலைதான் குழம்பிவிட்டது என்று கதைத்தார்களாம். இவர் நிலத்தை மேலே உயர்த்தினார். தர்சினி அதை ஒவ்வொரு சாணாகக் கீழே இறக்கினாள்.

அளவு முக்கியம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நல்ல நாளில் கூட்டக் கூடாது, மோசமான நாளில் விடக் கூடாது. காலையில் பாணும் சம்பலும் சாப்பிட்டு, பிளேன்டீ குடித்து, பிறகுதான் பயிற்சி. பின்னேரம் ஒழுங்கையில் நடை. மெல்லிய இழுவை வந்தால் ஊதிக்கொண்டு போகலாம். கூரிய நோ வந்தால் நிற்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று நான் எத்தனை பேருக்கு உபதேசம் செய்திருப்பேன். அதை என் முதுகு எனக்குத் திருப்பிச் சொன்னது.

சுகம் கெதியில் வந்ததல்ல. ஆனால் ஒருநாள் காலை திருவிய தேங்காய்ப்பூவில் கொஞ்சம் நிலத்தில் சிந்தியது. யோசிக்காமல் குந்தி, கூட்டி அள்ளி, எழும்பினேன். எழும்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. மறுபடி குந்தினேன். மறுபடி எழும்பினேன். பிறகு வேலிக்கரைக்குப் போய் யோகத்தைக் கூப்பிட்டு, அவளுக்கு முன்னாலும் குந்தி எழும்பினேன்.

"சரி மச்சாள், கண்டன், கண்டன்" என்றாள் அவள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

கிளினிக் நாளில் டொக்டர் காலை உயர்த்திப் பார்த்தார். கால் எழும்பிக்கொண்டே போனது. பெருவிரல் அவர் கையைத் தள்ளியது. ஒப்பரேசன் தேவையில்லை என்று கொப்பியில் எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

"நல்ல முன்னேற்றம் அம்மா. என்ன செய்தனீங்கள்?"

"மூச்சு விட்டனான், டொக்டர்."

எல்லா முதுகும் என் முதுகில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சிலருக்கு ஒப்பரேசன்தான் சரியான வழி. பிலோமினா அக்கா அதைச் செய்ததால்தான் நடக்கிறார். தேருக்கு முதல்நாள் அவர் போன் எடுத்தார்.

"உன்ரை அலுவலை நான் மாதாவிட்டையும் சொல்லியிருக்கிறன் பிள்ளை. மாதாவும் அம்மாளும் கதைச்சு ஒரு முடிவுக்கு வருவினம். நீ மூச்சை மட்டும் வீட்டிலை விட்டிட்டுப் போகாதை."

தேர் அன்று காலை சாப்பிட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். யோகம் கன்னத்தில் கை வைத்தாள். நேர்த்திக்காரி இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டு வருவதை அவள் எங்கே கண்டாள். அம்மாளுக்கு நான் ஏற்கெனவே விளங்கப்படுத்திவிட்டேன் என்று சொன்னேன். வீதி மணலில் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். ஆண்கள் உருண்டு போனார்கள். பறை மேளமும் தவிலும் அரோகராவும் ஒன்றாய்க் கலந்து கேட்டன. பெண்கள் வரிசையில் கடைசி ஆளாக நான் நின்றேன்.

முழந்தாளிட்டேன். மூச்சை விட்டுக்கொண்டு விழுந்தேன். நெற்றியில் ஈர மணல் பட்டது. எத்தனை மாதம் கழித்துப் படுகிற நிலம். கையை நீட்டிக் கோடு கீறினேன். மூச்சை எடுத்தேன். கையை ஊன்றி, ஊதிக்கொண்டு எழும்பினேன். மற்றப் பெண்கள் கெதியாகப் போய்விட்டார்கள். நான் என் பாட்டில் போனேன். விழுதல், கோடு, எழும்புதல். மனம் சந்தைக்குப் போகவில்லை. அது என் உள்ளங்கையிலும் முழந்தாளிலும் மூச்சிலும் இருந்தது.

வடக்கு வீதி திரும்பிய இடத்தில் இடுப்பில் ஒரு இழுவை வந்தது. பழைய ஆள் எனக்குள் எழும்பினாள். பல்லைக் கடி, முடித்துவிடு, அம்மாள் பார்க்கிறாள் என்றாள். என் பல் கடிபட்டதும் உண்மை. அடுத்த முறை விழுந்தபோது எழும்பாமல் அப்படியே கிடந்தேன். நெற்றி மணலில், கை நீண்டபடி. மூச்சை நீளமாக விட்டேன். பிறகும் விட்டேன். சனம் கூடிவிட்டது. யோகம் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள்.

"மச்சாள், என்ன செய்யுது? தூக்கவே?"

"விடடி. மூச்சு விடுறன்."

இழுவை வந்தது, நின்றது, குறைந்தது. கோட்டைக் கீறி எழும்பினேன். சனம் வழிவிட்டது.

தேர் இருப்பிடத்துக்கு வந்து சேர்ந்து நெடுநேரம் கழித்து, நானும் வாசலுக்கு வந்து சேர்ந்தேன். கடைசிக் கோட்டைக் கீறிவிட்டு, அம்மாளைப் பார்த்தபடி மணலிலேயே இருந்தேன். சந்தோசத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இவர் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வழக்கம்போலத் தூக்கி எழுப்பக் கை நீட்டினார். இத்தனை மாதமாக எந்நேரமும் நீண்டிருந்த கை அது. நான் அதைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தேன். வெட்கப்பட்டுக்கொண்டே அவரும் எனக்குப் பக்கத்தில் மணலில் இருந்தார்.

வேட்டித் தலைப்பால் என் நெற்றி மணலைத் துடைத்துவிட்டார். பூசை மணி அடித்தது. எழும்புவோம் என்று அவர் காலை மடக்கினார். முழங்கால் பிடித்துக்கொண்டது. எனக்காக ஒரு வீட்டையே உயர்த்திய மனிதர், முகம் சுருங்க, பல்லைக் கடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு உன்னினார். எழும்பவில்லை.

நான் சரிந்து, கையை ஊன்றி, ஊதிக்கொண்டு எழும்பினேன். நிமிர்ந்து நின்று என் கையை அவருக்கு நீட்டினேன்.

"பல்லைக் கடிக்காதேங்கோ" என்றேன். "மூச்சை விட்டுக்கொண்டு வாங்கோ. நான் பிடிச்சிருக்கிறன்."